பாய்ப்படகில் யார் எங்கே உட்காருவது? காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் லீவு நாட்களில் தொண்டிக் கரைக்குப் போய்ச் சின்னப் பாய்ப்படகு பழகுகிறார்கள். அவர்களும், கூட வரும் பெற்றோரும், வீட்டில் இருந்தே கவலைப்படும் அப்பத்தாக்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். முக்கால்வாசி சந்தேகம் எடையைப் பற்றியது. போன் வரும்போதெல்லாம் முதலில் இருந்து சொல்ல முடியவில்லை என்பதால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

கணக்கு வரும் இடங்களில் நான் மனதில் வைத்திருப்பது சுமார் 4 மீட்டர் நீளப் படகு. பாய், மரம், சுக்கான் எல்லாம் சேர்த்து 120 கிலோ. ஏறுகிறவர்கள் இரண்டு பேர், சேர்ந்து 130 கிலோ. அடியில் ஈயமோ இரும்போ கிடையாது. தண்ணீருக்குள் இறக்கி ஏற்றுகிற நடுப்பலகை மட்டும் உண்டு.

1. கடலே இல்லாத ஊர்ல உக்காந்துக்கிட்டு உங்களுக்கு எதுக்குங்க இந்தப் படகு வேலை?

நம் வீடுகளில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண் ஒவ்வொன்றும் கடல் கடந்து வந்தது. கொண்டுவிக்க, அதாவது வெளியூரில் வியாபாரம் செய்ய, போன நகரத்தார் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறித்தான் போனார்கள். தேவகோட்டையில் இருந்து தென்கிழக்கே வண்டியை விட்டால் தொண்டி வந்துவிடும். கடல் நமக்கு அவ்வளவு தூரமில்லை.

2. டிரிம், டிரிம்ங்கிறீங்களே, பாயை இழுத்துக் கட்டுறதா அது?

பாயைச் சரிசெய்வதையும் அப்படிச் சொல்வார்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்வது படகு தண்ணீரில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை. அதில் இரண்டு சாய்வு இருக்கிறது. அணியம், அதாவது படகின் முன்முனை, அமுங்கிப் பின்புறம் தூக்கியோ, பின்புறம் அமுங்கி அணியம் தூக்கியோ இருப்பது முன்பின் சாய்வு. இடது வலதாகச் சரிவது பக்கச் சாய்வு.

இன்னும் இரண்டு பெயர் கீழே அடிக்கடி வரும். காற்று வந்து மோதுகிற பக்கம் காற்றுப் பக்கம், பாய் போய் விழுகிற பக்கம் மறைவுப் பக்கம். இடது வலது என்று பேசினால் படகு திரும்பினதும் எல்லாம் குழம்பிவிடும். பாயை இழுக்கவும் தளர்த்தவும் கையில் பிடித்திருக்கும் கயிற்றைத் தாமான் கயிறு என்றே சொல்கிறேன்.

3. நாலு பேரு ஏறுனா படகு எம்புட்டு அமுங்கும்?

மிதக்கிற பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தக் கணக்குதான். படகு தண்ணீரைத் தொடும் மட்டத்தில் அதன் பரப்பு ஏறத்தாழ மூன்றரைச் சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டர் அமுங்கினால் 35 லிட்டர் ஒதுங்கும். அதாவது 35 கிலோ ஏறினால் ஒரு சென்டிமீட்டர் அமுங்கும். எழுபது கிலோ ஆள் ஒருவர் ஏறினால் இரண்டு சென்டிமீட்டர்.

கேட்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் அது எடை நட்டநடுவில் இருந்தால் வரும் கணக்கு. அதே ஆள், படகின் பின்முனையை அடைத்திருக்கும் பின்பலகை ஓரத்தில் போய் உட்கார்ந்தால் பின்புறம் அதைப்போலப் பல மடங்கு இறங்கும், அணியம் மேலே ஏறும். ஆக, எத்தனை கிலோ என்பதைவிட எந்த இடத்தில் என்பதுதான் படகுக்கு உறைக்கும். நாலு பேர் ஏறலாமா என்றால், இந்த அளவுப் படகில் வேண்டாம்.

4. எடை ஒண்ணுதானே மாமா, எங்க உக்காந்தா என்ன?

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முன்பாரமானால் மாட்டின் கழுத்தை அமுக்கும், பின்பாரமானால் நுகத்தடி தூக்கிக்கொள்ளும். மூட்டை எண்ணிக்கை மாறவே இல்லை, இழுக்கிற மாட்டுக்கு மட்டும் உயிர் போகும். படகில் மாட்டின் வேலையைச் செய்வது காற்று.

பின்பாரப் படகில் என்ன நடக்கிறது என்றால், பின்பலகையின் கீழ்விளிம்பு தண்ணீருக்குள் முங்கிவிடுகிறது. அடியில் வழுக்கிவந்த தண்ணீர் அந்த விளிம்பில் சட்டென்று விடுபட முடியாமல் சுழன்று, பலகைக்குப் பின்னாலேயே படகோடு இழுபட்டு வருகிறது. அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் பாய் இழுக்கிறது. முன்பாரமானால் வேறு தொல்லை. அணியம் தண்ணீரை உழுது பெரிய அலை எழுப்பும், சுக்கான் பாதி மேலே வந்துவிடுவதால் பிடி கிடைக்காது, படகு சொன்ன பேச்சு கேட்காது.

புதிதாக வருகிறவர்களில் அநேகமாக எல்லாரும் பின்பாரம்தான் போடுகிறார்கள். சுக்கான் பிடிக்கிறவருக்குப் பின்னால் உட்கார்வது வசதியாக இருக்கிறது, கூட இருப்பவர் பேச்சுத் துணைக்கு அவரை ஒட்டி வந்துவிடுகிறார். புதுப் பாய் வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது: ஒரு முழம் முன்னால் தள்ளி உட்கார்ந்து பாருங்கள், செலவு இல்லை.

5. சரியாத்தான் உக்காந்திருக்கோம்னு எப்படித் தெரியும்? மீட்டர் கீட்டர் எதும் இருக்கா?

இருக்கிறது, பின்பலகைக்குப் பின்னால். தலையைத் திருப்பி அந்தத் தண்ணீரைப் பாருங்கள். பின்பாரமாக இருந்தால் பலகையை ஒட்டி நுரை புரளும், தண்ணீர் பலகையை நோக்கியே சுருண்டு வரும், களக் களக் என்று சத்தம் கேட்கும். மிதந்துவரும் பாசித் துணுக்கு ஒன்று அங்கே சிக்கினால் அது பின்னால் போகாமல் பலகையை உரசிக்கொண்டே கூட வரும். அப்படியே உட்கார்ந்தபடி ஒரு சாண் முன்னால் நகருங்கள். இன்னொரு சாண். ஒரு இடத்தில் சத்தம் நின்றுவிடும். பலகையின் விளிம்பில் இருந்து தண்ணீர் கத்தியால் கீறின மாதிரி வழவழவென்று பிரிந்து போகும், பாசித் துணுக்கும் நழுவிவிடும். அந்த இடம்தான் உங்களுக்கான இடம்.

அதற்கும் மேல் முன்னால் போனால் சத்தம் அணியத்தில் கேட்க ஆரம்பிக்கும். பின்பலகை சத்தமும் அணியச் சத்தமும் இல்லாத இடைவெளி நாலைந்து சாண்தான் இருக்கும், காற்று மாறும்போது அதுவும் இடம் மாறும். கரையில் நிற்கும் யாராவது பக்கவாட்டில் போட்டோ எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது. நாம் நிமிர்ந்திருக்கிறோம் என்று நினைத்த படகு எவ்வளவு வாலை இழுத்துக்கொண்டு போகிறது என்பது போட்டோவில்தான் தெரியும்.

6. காத்தே இல்லாதப்ப முன்னால வந்து, அதும் பாய் இருக்கிற பக்கமாச் சாஞ்சு உக்காரச் சொல்றீங்க. படகைச் சாய்க்கக் கூடாதுன்னும் நீங்கதான சொன்னீங்க?

காற்று அடிக்கும்போது சாய்க்கக் கூடாது. மந்தமாக இருக்கும்போது விஷயம் வேறு. மெதுவாகப் போகும் படகைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் படகின் உடம்போடு தண்ணீர் உரசும் உராய்வுதான். சின்னப் படகுகளின் பின்பாதி அடி தட்டையாக அகலமாக இருக்கும். முன்னால் வந்தால் அந்தத் தட்டைப் பகுதி தண்ணீரை விட்டுக் கொஞ்சம் எழும்பும். லேசாகப் பக்கம் சாய்த்தால் தட்டை அடியில் ஒரு பாதி மேலே வரும். இரண்டும் சேர்ந்து நனையும் பரப்பைக் குறைக்கின்றன.

இன்னொரு லாபமும் உண்டு. காற்றில்லாத நேரத்தில் பாய் தொளதொளவென்று அங்கும் இங்கும் ஆடும். மறைவுப் பக்கம் சாய்த்தால் தன் எடையாலேயே அந்தப் பக்கம் தொங்கி வளைவு பிடித்துக்கொள்ளும். வருகிற கொஞ்சக் காற்றும் வீணாகாது. அந்த நேரத்தில் பூனை மாதிரி அசைய வேண்டும் என்பது முக்கியம். ஒருவர் தொப்பென்று எழுந்து இடம் மாறினால் பாயில் இருந்த காற்று மொத்தமும் சிந்திவிடும்.

7. காத்துக் கூடுச்சுன்னா?

அப்போது படகை நிமிர்த்தி வைப்பது ஒன்றே வேலை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் அதன் அழுத்தம் நாலு மடங்காகும். மணிக்கு 15 கிலோமீட்டர் காற்றில் சொகுசாகப் போன படகு 30 கிலோமீட்டர் காற்றில் ஏன் வேறு படகாகிவிடுகிறது என்றால் இதனால்தான்.

நம் கையில் இருக்கும் பதில் உடம்பின் எடை. இரண்டு பேரின் 130 கிலோ நடுக்கோட்டில் இருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் நிமிர்த்தும் பலம் (கிலோவை மீட்டரால் பெருக்கினால் வருவது) 78. கால்களை அடியில் உள்ள வாரில் மாட்டிக்கொண்டு, இடுப்பை விளிம்புக்கு வெளியே விட்டுச் சாய்ந்தால் எடையின் மையம் 1.1 மீட்டர் தூரத்துக்குப் போகும், பலம் 143 ஆகும். கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஆனால் காற்று நாலு மடங்கு கேட்கிறதே! மீதியைத் தாமான் கயிற்றைத் தளர்த்திக் காற்றை வடியவிட்டுத்தான் சமாளிக்க வேண்டும். உடம்பை வெளியே போட்டால் போதும், கயிற்றை விடவே வேண்டாம் என்று நினைக்கும் பையன்கள்தான் முதலில் குளிக்கிறார்கள்.

இது மேல்நாட்டு வித்தை என்று நினைக்க வேண்டாம். பாக் விரிகுடாவில் ஓடிய பழைய பாய்வத்தைகளில் குறுக்கே நீளமான பலகை ஒன்றைப் போட்டு, காற்றுப் பக்கம் நீட்டி, அதன் நுனியில் ஆட்கள் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். காற்றுக் கூடக் கூட நுனிக்குப் போவார்கள். சென்னை மாகாண மீன்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் நூறு வருஷத்துக்கு முன்பே இதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். 60 சென்டிமீட்டரை இரண்டு மூன்று மீட்டராக்கினால் பலம் எவ்வளவு கூடும் என்பதை மேலே போட்ட கணக்கை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

8. பின்காத்துல போறப்ப மட்டும் எல்லாரும் பின்னால போங்கன்னு கத்துறீங்களே, அது ஏன்?

பின்காற்றில் பாய் முழுதும் விரிந்து நிற்கும். அது தள்ளுவது மரத்தின் உயரமான இடத்தில், தண்ணீர் எதிர்ப்பது அடியில். இந்த இரண்டும் சேர்ந்து அணியத்தைக் கீழே குத்தப் பார்க்கும். முன்னால் போகும் அலையை எட்டிப்பிடித்து அதன் முதுகில் அணியம் செருகினால் படகு சட்டென்று நின்று குறுக்கே திரும்பிக் கவிழ்ந்துவிடும். ஆகவே காற்று பலமாக இருக்கும்போது பின்னால் நகர்ந்து அணியத்தைத் தூக்கி வைக்க வேண்டும். மந்தமான பின்காற்றில் இது தேவையில்லை, 6-வது பதிலில் சொன்ன மாதிரி முன்னாலேயே இருக்கலாம்.

வேகம் எடுக்கும் நேரமும் இதுதான். 4 மீட்டர் படகு தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும்வரை மணிக்கு 9 கிலோமீட்டர் போலத்தான் போகும். தன் அலைக்குள்ளேயே அது சிக்கிக்கொள்கிறது. நல்ல காற்றில், சரியான நேரத்தில் எடை பின்னால் போனால் படகு அந்த அலையின் மேல் ஏறித் தண்ணீருக்கு மேலே வழுக்க ஆரம்பிக்கும். கொஞ்சம் முந்திப் போனால் பின்பலகை முங்கும், பிந்திப் போனால் அணியம் குத்தும். இந்த நேரத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது, கால் கற்றுக்கொள்ளும்.

இன்னொன்று: நேர்ப் பின்காற்றில் இருவரும் ஒரே பக்கம் உட்கார வேண்டாம், ஆளுக்கொரு பக்கம். படகு இடமும் வலமும் உருள ஆரம்பித்தால் நடுப்பலகையை முழுதாகத் தூக்கிவிடாமல் பாதியாவது இறக்கி வையுங்கள்.

9. படகு சாஞ்ச உடனே தானாக் காத்துப் பக்கம் திரும்புது. சுக்கான்ல கோளாறா?

இல்லை. சாய்ந்த படகின் பாய் தண்ணீருக்கு மேல் ஒரு பக்கமாக வெளியே போய்விடுகிறது. இழுப்பு அந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது, தடை படகின் உடம்பில் இருக்கிறது. இந்த இரண்டும் ஒரே கோட்டில் இல்லாததால் படகு காற்றுப் பக்கம் சுழலும். போதாக்குறைக்கு, தண்ணீரில் முங்கிய பக்கம் வளைந்தும் மற்றப் பக்கம் மேலேயும் இருப்பதால் உடம்பே வளைந்த பாதையில் போகப் பார்க்கும். அணியம் அமுங்கியிருந்தால் இன்னும் மோசம். முன்னால் ஆழமாகப் பிடிப்பு, பின்னால் பிடிப்பில்லை, வால் வழுக்கிக்கொண்டு போகும்.

இதைச் சுக்கானால் எதிர்த்து இழுத்துக்கொண்டே போகலாம். கை வலிக்கும். குறுக்கே நிற்கும் சுக்கான் பிரேக் பிடித்த மாதிரி வேகத்தையும் தின்றுவிடும். படகை நிமிர்த்துங்கள், சுக்கான் தானாக இளகும். சாய்க்காமலே இழுக்கிறது என்றால் ஒரு சாண் பின்னால் போய்ப் பாருங்கள்.

இதைத் தெரிந்துகொண்டால் சுக்கானைத் தொடாமலே படகைத் திருப்பலாம். மறைவுப் பக்கம் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும், காற்றுப் பக்கம் சாய்த்தால் காற்றை விட்டு விலகும். லேசான காற்று உள்ள நாளில் சுக்கானைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு ஒரு வட்டம் போடச் சொல்வேன். முதலில் சிரிப்பார்கள். அதற்கப்புறம் அவர்கள் உட்காரும் விதமே மாறிவிடும்.

10. ரெண்டு மணல் மூட்டையை அடியில போட்டா ஆடாம இருக்குமே?

பெரிய பாய்க்கப்பல்களில் அடிபாரம் போடுவது உண்மை. அதற்குத் தண்ணீருக்குள் ஆழம் வேண்டும். ஆழத்தில், கெட்டியாகக் கட்டப்பட்டுக் கிடக்கும் பாரம்தான் நிமிர்த்தும். மேல்பாரம் மிஞ்சிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு 1628-ல் ஸ்டாக்ஹோமில் மூழ்கிய வாசா சாட்சி. அரசர் ஆசைப்பட்டுக் கட்டிய போர்க்கப்பல், மேலே பீரங்கித் தளங்கள் இரண்டு. முதல் பயணத்தில் சுமார் 1,300 மீட்டர் போனது. ஒரு காற்று வீசிச் சாய்ந்தது, திறந்திருந்த பீரங்கி ஜன்னல்கள் வழியே தண்ணீர் புகுந்து, கரையில் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூழ்கிவிட்டது.

நம் படகில் அந்த ஆழம் கிடையாது. அடிப்பலகையில் கிடக்கும் மூட்டை தண்ணீர் மட்டத்தை ஒட்டித்தான் இருக்கும், நிமிர்த்த உதவாது. காற்று எந்தப் பக்கம் வந்தாலும் அது எழுந்து அந்தப் பக்கம் போகாது. ஆனால் படகு சாய்ந்தால் சறுக்கிச் சாய்ந்த பக்கமே போய்ச் சேரும். கவிழ்ந்தால் காலைச் சிக்கவைக்கும். இந்தப் படகுக்கு அடிபாரம் நீங்கள்தான். மொத்த எடையான 250 கிலோவில் பாதிக்கு மேல் உங்கள் இருவர் உடம்பு, அதுவும் சொன்ன உடனே இடம் மாறும் பாரம்.

11. உள்ள கொஞ்சம் தண்ணி கெடக்கு. கரைக்குப் போய் எறைச்சுக்கலாமா?

இப்போதே இறையுங்கள். படகுக்குள் கிடக்கும் தண்ணீர் எப்போதும் தாழ்ந்த பக்கம் ஓடும். பின்பாரமானால் பின்னால் ஓடி இன்னும் பின்பாரமாக்கும், சாய்ந்தால் சாய்ந்த பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். நீங்கள் வெளியே தொங்கிச் சம்பாதித்ததை அது உள்ளிருந்தே செலவழித்துவிடும்.

கணுக்கால் அளவுதானே என்பார்கள். பத்து சென்டிமீட்டர் ஆழம், அடிப்பரப்பு இரண்டு சதுர மீட்டர் என்றால் 200 லிட்டர். 200 கிலோ! உங்கள் இருவரையும்விடக் கனமான மூன்றாவது ஆள் கட்டுப்பாடில்லாமல் அங்கும் இங்கும் உருண்டுகொண்டிருக்கிறார். இறைக்கும் குவளையைக் கயிறு போட்டுப் படகிலேயே கட்டி வையுங்கள். வெட்டிய பிளாஸ்டிக் கேன் போதும்.

12. ஆச்சி ரெண்டு தூக்கு நெறையக் கட்டிக் குடுத்துவிட்டாங்க. அதையும் நங்கூரத்தையும் எங்க வைக்கிறது?

முறுக்கு, அதிரசம், ஒரு தூக்குச் சோறு, அஞ்சு லிட்டர் தண்ணீர் கேன், நங்கூரம், கயிறு: கூட்டிப் பார்த்தால் 15 கிலோ வந்துவிடும். எல்லாம் நடுவில், அடியில், கட்டி வைக்கப்பட்டு இருக்க வேண்டும். நங்கூரத்தை அணிய முனையிலும் சோற்றைப் பின்பலகையிலும் வைத்தால் முன்பின் சமம்தானே என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. நிற்கும் தண்ணீரில் சமம்தான். அலையில் அப்படி இல்லை.

ஒவ்வொரு அலைக்கும் படகு ஏறி இறங்க வேண்டும். நடுவில் இருந்து எடை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு அது ஏறி இறங்க மறுக்கும். அரை மீட்டரில் இருந்த 10 கிலோவை இரண்டு மீட்டருக்குத் தள்ளினால் முரண்டு 16 மடங்கு. பாக் விரிகுடாவில் ஆழம் குறைவு. காற்றடித்தால் நீண்ட அலை வராமல், நெருக்கி நெருக்கிக் குட்டையான அலை வரும். ஒன்றில் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது வந்து அணியத்தில் அறையும். இரு முனையும் கனத்த படகு அங்கே குத்திக் குத்தி நின்றுவிடும். ஆட்கள் இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்காரச் சொல்வதற்கும் இதே காரணம்தான்.

13. நான் 90 கிலோ, என் மகளுக்கு 40 கிலோ. நாங்க சேர்ந்து ஓட்ட முடியுமா தம்பி?

தாராளமாக, அண்ணே. படகு சமமாக இருக்கும் புள்ளியில் இருந்து நீங்கள் 40 சென்டிமீட்டர் முன்னால், மகள் 90 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால் முன்பின் கணக்கு சரியாகிவிடும். அதாவது சுக்கானை மகளிடம் கொடுத்துவிட வேண்டும். கேட்ட அப்பாக்களில் பாதிப் பேருக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை.

தனியாக ஓட்டுகிறவர்களுக்குப் பாயின் அளவை எடைக்கேற்ப மாற்றுவதுதான் வழி. குழந்தைகள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் படகின் உடல் 35 கிலோதான், ஓட்டுகிற பிள்ளையின் எடையும் ஏறத்தாழ அதே. லேசர் படகில் உடல் ஒன்றே, பாய் மட்டும் மூன்று அளவு: 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர். டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் நேத்ரா குமணன் நடு அளவுப் பாயிலும், வேலூர்க்காரரான விஷ்ணு சரவணன் பெரிய பாயிலும் ஓட்டினார்கள். படகின் உடல் இருவருக்கும் ஒன்றுதான்.

14. நம்ம கண்மாயில பழகிட்டுக் கடலுக்குப் போனா எல்லாம் மாறிப்போயிருமா? உப்புத் தண்ணில கூட மெதக்கும்ங்கிறாங்களே.

கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட இரண்டரை சதவீதம் கனம். 250 கிலோ மொத்த எடைக்கு ஆறு லிட்டர் வித்தியாசம், 3-வது பதிலின் கணக்குப்படி இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. மறந்துவிடலாம்.

உண்மையான வித்தியாசம் காற்றில் இருக்கிறது. கண்மாயில் கரையும் மரங்களும் காற்றைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். வெளியே தொங்கிக்கொண்டிருக்கும்போது காற்று நின்றால் முதுகுப் பக்கமாக விழுவீர்கள், ஆகவே அங்கே கால்களை உள்ளே வைத்துத் தயாராக உட்கார வேண்டும். வடகிழக்கு மழைக்கு அப்புறம் கண்மாய் நிறைந்திருக்கும் சில மாதங்களில்தான் அதுவும் முடியும். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். சீமைக்கருவேல மரம் முங்கிக் கிடக்கும் இடங்களில் நடுப்பலகை மாட்டும். ஊரணியில் வேண்டவே வேண்டாம், அது குடிக்கிற தண்ணீர்.

தொண்டிக் கரை கிழக்கே பார்த்தது. கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் மாதங்களில் கரையோரம் தண்ணீர் தாம்பாளமாக இருக்கும், பார்த்து ஏமாறாதீர்கள். காற்று நிலத்தில் இருந்து கடலுக்குத் தள்ளுகிறது. வெளியே போவது சுலபம், திரும்பி வரும்போதுதான் காற்றை எதிர்த்து, 7-வது பதிலில் சொன்ன அத்தனை வேலையும் களைத்த உடம்போடு செய்ய வேண்டியிருக்கும். கரையில் என்ஜின் படகு ஒன்று தயாராக இல்லாமல் கச்சானில் இறங்காதீர்கள்.

15. காத்தை எதிர்த்துத் திருப்புறப்ப எப்ப எந்திரிச்சுப் பக்கம் மாறணும்? நாங்க மாறுனா படகு நின்னுபோகுது.

சீக்கிரம் மாறுகிறீர்கள். சுக்கானைத் திருப்பின உடனே எழுந்து ஓடினால் பாய் இன்னும் பழைய பக்கத்தில் இருக்கிறது, உங்கள் எடையும் அங்கே சேர்ந்து படகு தொப்பென்று சாயும், வேகம் போய்விடும். பழைய பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். அணியம் காற்றைத் தாண்டி, பாய் தலைக்கு மேல் வந்து படபடக்கும். அப்போது எழுந்து, தலையைக் குனிந்து, ஒரே எட்டில் புதிய காற்றுப் பக்கம் போய் உட்காருங்கள். இருவரும் சேர்ந்து. ஒருவர் போய் ஒருவர் நின்றால் அது இன்னொரு கூத்து.

16. கவுந்துட்டா? எம்மகன் ஒல்லி, அவனால நிமித்த முடியுமா?

முடியும், அவன் எங்கே நிற்கிறான் என்பதைப் பொறுத்து. லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறான் என்று வைத்துத்தான் பேசுகிறேன், இல்லாவிட்டால் படகில் ஏற்றவே மாட்டேன். பக்கமாகப் படுத்துக் கிடக்கும் படகில் நடுப்பலகை தண்ணீர் மட்டத்தை ஒட்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முதலில் தாமான் கயிற்றை விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் பாய் தண்ணீரை அள்ளிக்கொண்டு எழும்ப மறுக்கும். ஒருவர் பலகையின் மேல் ஏறி, விளிம்பையோ ஒரு கயிற்றையோ பிடித்துப் பின்னால் சாய வேண்டும். ஒல்லிப் பையன் பலகையின் நுனிப்பக்கம் நிற்கலாம், தூரம் கூடுவதால் எடைக் குறைவு ஈடாகிவிடும். கனமானவர்கள் படகின் உடம்பை ஒட்டியே நிற்க வேண்டும், நுனியில் நின்றால் பலகை முறியும்.

இரண்டாமவர் உள்பக்கம் தண்ணீரில் மிதந்தபடி, கால் வாரைப் பிடித்துக்கொண்டு கிடந்தால் படகு நிமிரும்போது அவரையும் வாரி எடுத்துக்கொண்டு வந்துவிடும். வந்து விழுந்ததும் அவர் எழுந்து நிற்கக் கூடாது, நடுவில் தாழ்வாகவே இருக்க வேண்டும். வெளியே இருப்பவர் ஏறுவதற்குள் உள்ளே இருப்பவர் எதிர்ப்பக்கம் எடையைக் கொடுக்க வேண்டும், இருவரும் ஒரே பக்கம் தொங்கினால் மறுபடி கவிழும். பின்பலகை வழியாக ஏறினால் பக்கமாகச் சாயாது, ஆனால் படகு காற்றை விட்டுத் திரும்பி ஓடப் பார்க்கும். அணியம் காற்றை நோக்கி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஏறட்டும். ஏறினதும் முதல் வேலை 11-வது பதில்: குவளையை எடுத்து இறைக்க வேண்டும், பாயை அப்புறம் இழுக்கலாம்.